வளைவில் விழும் விறகு

கீழே கிடப்பதை எடுத்து உரியவரிடம் சேர்ப்பது நல்ல காரியம் என்று கிலோவுக்கு யாரோ சின்ன வயதிலேயே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். சொல்லிக் கொடுத்தவரைத் தேடிப் பிடித்து நாலு கேள்வி கேட்க வேண்டும். அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் அவன் அந்த நல்ல காரியத்தைச் செய்யப்போய், பதினான்கு வீடுகளில் அவனோடு பேச்சு நின்றது. பதினைந்தாவது வீட்டில் அடுப்பு நின்றது. அந்தப் பதினைந்தாவது வீட்டில்தான் அவனுக்குச் சாப்பாடு.

கிலோ என்பது அவன் அப்பா அம்மா வைத்த பெயர் இல்லை. கையில் கொக்கித் தராசும் கக்கத்தில் ரிஜிஸ்டருமாக ஊருக்குள் வந்து, எதைக் கண்டாலும் தொங்கவிட்டு எடை போட்டதால் மூன்றாம் நாளே ஒட்டிக்கொண்ட பெயர். காட்டாபீஸ் அவனை அனுப்பியிருந்தது. மழை பொய்த்து மூன்று வருஷம். முள்காடு வருஷத்துக்கு வருஷம் ஊரைவிட்டுத் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. கேஸ் சிலிண்டர் கொண்டுவரும் லாரி, பாலம் உடைந்ததிலிருந்து வருவதில்லை. எல்லா வீட்டிலும் கேஸ் அடுப்புக்குத் துணி போர்த்தி, மேலே ஊறுகாய் ஜாடியை வைத்திருந்தார்கள். அப்படியானால் ஒரு வீடு எவ்வளவு விறகு எரிக்கிறது, காடு எத்தனை நாள் தாங்கும்? இதைக் கண்டுபிடிப்பதுதான் கிலோவின் வேலை.

வேலை சுலபம். வாரத்தில் மூன்று நாள், திங்கள், புதன், வெள்ளி, பெண்கள் பதினான்கு பேர் விடிகாலையில் காட்டுக்குப் போவார்கள். காய்ந்த கிளையை மட்டும் வெட்டிக் கட்டி, தலையில் ஏற்றிக்கொண்டு வெயில் ஏறுவதற்குள் திரும்புவார்கள். காட்டு விளிம்பில் ஒரு எடை, வீட்டு வாசலில் ஒரு எடை. இரண்டையும் எழுதிக் கையெழுத்துப் போட்டால் முடிந்தது.

முடியவில்லை. இரண்டு எடையும் ஒத்துப்போகவே இல்லை. காட்டு விளிம்பில் பதினெட்டு கிலோ இருந்த கட்டு, வீட்டுக்கு வரும்போது பதினேழு நானூறு. பதினாறு என்றால் பதினைந்து நானூறு. கடைசி இரண்டு வாரமாக எந்தக் கட்டானாலும் சுமார் அறுநூறு கிராம் காணாமல் போனது. அதிகாரியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. “தராசு பழுதா, நீர் பழுதா?” என்று ஒரே வரி. கீழே, சனிக்கிழமைக்குள் ‘வித்தியாசத்துக்குக் காரணம்’ என்ற கட்டத்தை நிரப்பி அனுப்பாவிட்டால் தராசை அது வந்த மரப்பெட்டியிலேயே வைத்துத் திருப்பி அனுப்பவும் என்று ஒரு குறிப்பு. தராசு போனால் கிலோவும் கூடவே போக வேண்டியதுதான்.

அந்தத் திங்கட்கிழமை அவன் சைக்கிளில் வழி நெடுகப் பார்த்துக்கொண்டே வந்தான். ஊருக்குள் நுழையும் முன் பாதை ஒரு இடிந்த சுவரைச் சுற்றி வளையும். அந்த வளைவில், சுவரின் நிழலில், விறகு கிடந்தது. எண்ணினான். பதினான்கு கட்டை. ஒவ்வொன்றும் முழங்கை நீளம், மணிக்கட்டு கனம்.

கிலோ துள்ளிக் குதித்தான். மர்மம் தீர்ந்தது! பாவம், வளைவில் திரும்பும்போது தலைச்சுமை ஆடி விழுந்துவிடுகிறது, யாரும் கவனிப்பதில்லை. அப்படியே விட்டுப் போக அவன் என்ன கல்நெஞ்சனா? கட்டைகளை சைக்கிளில் கட்டினான். எது யாருடையது என்று கண்டுபிடிப்பதுதான் அவனுக்கு ஆனந்தம். கொத்தனாரம்மா சாய்த்து வெட்டுவாள், ஒரே வெட்டு. புதுமருமகள் அரிவாளை நாலு தடவை ஓங்கி, கடைசியில் கடித்து எடுத்தது போல முனையை விடுவாள். மூன்று வாரமாக எடை போட்டவனுக்கு இது தெரியாதா? வெட்டுமுனையைப் பார்த்துப் பார்த்துப் பிரித்தான். மதியம் சுற்றுவட்டத்தில் வேறு வேலை இருந்ததால் சாயங்காலம், வெயில் தாழ, வீடு வீடாகப் போய் சைக்கிள் மணி அடித்தான்.

“அக்கா! உங்க கட்டை! வளைவுல விழுந்திருச்சு. பார்த்து வரப்படாதா?”

கொத்தனாரம்மா கட்டையைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். தெருவின் கடைசியில் இருந்த ஒரு வீட்டைப் பார்த்தாள். பிறகு, வாலைப் பிடித்துச் செத்த எலியை வாங்குவதுபோல ரெண்டு விரலால் அதை வாங்கினாள்.

“எல்லார் வீட்டுக்கும் கொடுத்தாச்சா?” என்றாள்.

“ஆச்சுக்கா! பதினாலும்! ஒண்ணு தப்பல!”

“நல்லாயிருப்பே,” என்றாள் கொத்தனாரம்மா. அந்த வார்த்தையை அப்படி ஒரு குரலில் யாரும் சொல்லி அவன் கேட்டதில்லை. கதவு சாத்தப்பட்டது.

பதினான்கு வீட்டிலும் இதே கதைதான். ஒருத்திகூட ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கச் சொல்லவில்லை. புதுமருமகள் மட்டும், “ஐயோ சார்!” என்று தலையில் கை வைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். கிலோ அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டான். பிறருடைய முகத்தைப் படிப்பதில் அவனுக்குள்ள திறமைக்கு அது ஒரு சாட்சி.

பெருமையோடு அவன் திரும்பிய வீடு டெய்லரக்காவுடையது. பின்கட்டு அறையில் அவன் வாடகைக்கு இருந்தான். டெய்லரக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். இடுப்பு எலும்பு ஒருதரம் முறிந்து கோணலாகச் சேர்ந்துவிட்டதால் கைத்தடி வைத்து நடப்பாள். ஆனால் நாக்குக்கு எந்தக் கோணலும் கிடையாது. அவள் கத்தரிக்கோல் மாதிரியே நேராகப் போகும். முதல் வாரம் கிலோ டீக்கடையில் சாப்பிட்டு வயிற்றைக் கெடுத்துக்கொண்டு அறையில் சுருண்டு கிடந்தபோது, “நாளையிலேருந்து இங்கேயே தின்னு. உன் முனகல்ல எனக்கு ஊசி கோக்க முடியல,” என்று சொன்னவள்.

தினமும் சாயங்காலம் அவள் ஒரு சாக்குப்பையும் கைத்தடியுமாகக் கிளம்புவாள். “எங்கக்கா?” என்றால், “காத்து வாங்க,” என்பாள். திரும்பும்போது பையில் கொஞ்சம் விறகு இருக்கும். “ஏதுக்கா?” என்றால், “வழியில கிடந்தது.” ரிஜிஸ்டரில் அவள் வீட்டுக்கு நேரே, ‘விறகு கிடைக்கும் வழி’ என்ற கட்டத்தில், கிலோ தன் கைப்படவே ‘வழியில் கிடந்தது’ என்று எழுதியிருந்தான். எழுதும்போது ஒன்றும் உறைக்கவில்லை. அவன் பேனாவுக்கும் மூளைக்கும் அவ்வளவு நெருக்கம் இல்லை.

அன்றைக்கு அவள் ஏற்கெனவே திரும்பிவந்துவிட்டாள். சாக்குப்பை கதவு மூலையில் மடித்தபடியே கிடந்தது. அடுப்பில் சாம்பல், அதன் மேல் பூனை. தட்டில் நேற்றைய ரொட்டியும் ஒரு பச்சை வெங்காயமும்.

“இன்னைக்கு அடுப்பு மூட்டலியாக்கா?”

“அடுப்புக்கு லீவு.”

“எதுக்கு லீவு?”

“உங்க ஆபீஸ்ல மட்டும்தான் லீவு விடுவாங்களா?”

கிலோ வெங்காயத்தைக் கடித்தான். கண்ணில் தண்ணீர் வந்தது. அது வெங்காயத்தாலா வேறு எதாலா என்று அப்போது அவனுக்குத் தெரியாது.

செவ்வாய்க்கிழமை காலையில் துணி வெட்டிய துண்டுகளை எரித்து அவள் ஒரு டீ போட்டாள். டீயில் பருத்தி வாசம். அதைவிடக் கவலையான சமாசாரம் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் இருந்தது. பள்ளிக்கூடச் சீருடை, நாற்பது சட்டை, தைத்து முடித்துக் கசங்கிக் குவிந்து கிடந்தன. வரும் திங்களன்று பள்ளிக்கூடம் திறக்கிறது. சமைத்து முடித்த அடுப்பிலிருந்து தணலை அள்ளி இஸ்திரிப் பெட்டியில் போட்டுத்தான் அவள் சட்டைகளைத் தேய்ப்பது. அடுப்பு இல்லை என்றால் தணல் இல்லை. தணல் இல்லை என்றால் நாற்பது சட்டையும் அப்படியே. தேய்க்காத சட்டையைப் பள்ளிக்கூடம் வாங்காது. அடுத்த வருஷத் தையல் டவுனுக்குப் போய்விடும். இதை அவள் சொல்லவில்லை. குவியலை மூன்று தடவை எண்ணிப் பார்த்ததில் கிலோவே புரிந்துகொண்டான்.

மதியம் கொத்தனாரம்மா ஒரு தூக்குவாளியில் சூடாகக் கஞ்சி கொண்டுவந்தாள். “கொஞ்சம் அதிகமா வெச்சிட்டேன் டெய்லரக்கா.”

“நாங்க இப்பத்தான் சாப்பிட்டு முடிச்சோம்,” என்றாள் டெய்லரக்கா, தையலிலிருந்து தலையைத் தூக்காமல். “வயித்துல இடமே இல்ல. இல்லியா தம்பி?”

அந்த நேரம் பார்த்துக் கிலோவின் வயிறு ஒரு சத்தம் போட்டது. பழைய கதவைத் திறக்கும் சத்தம். பெண்கள் இருவரும் கேட்கவே இல்லை என்பதுபோல இருந்தார்கள். தூக்குவாளி வந்த சூட்டோடே திரும்பிப் போனது. அது போன திசையைக் கிலோ ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

புதன்கிழமை அதிசயம் நடந்தது. காட்டு விளிம்பில் பதினெட்டு. வீட்டு வாசலில் பதினெட்டு. பதினாறு, பதினாறு. பதினான்கு கட்டும் ஒரு கிராம் குறையாமல் வீடு வந்து சேர்ந்தன. ரிஜிஸ்டரில் ‘வித்தியாசம்: இல்லை’ என்று எழுதி, கிலோ அதன் கீழ் இரண்டு கோடு போட்டான். தராசும் பழுதில்லை, நானும் பழுதில்லை! அதிகாரியின் முகத்தை மனசில் நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தான்.

அடுப்பில் பூனை. தட்டில் வெங்காயம்.

கிலோ வெங்காயத்தைக் கையில் வைத்துக்கொண்டு ரிஜிஸ்டரைத் திறந்தான். கணக்கில் அவன் கெட்டிக்காரன், மனுஷர்களிடம்தான் இடறுவான். பதினான்கு கட்டை, ஒவ்வொன்றும் அறுநூறு கிராம், ஆக எட்டு கிலோ நானூறு. வாரத்துக்கு மூன்று நாள், ஆக இருபத்தைந்து சொச்சம். ஏழால் வகுத்தால் ஒரு நாளைக்கு மூன்று கிலோ அறுநூறு. டெய்லரக்கா வீட்டில் ஒரு நாளைக்கு எரியும் விறகு அவனே எடை போட்டு எழுதியது. மூன்று கிலோ அறுநூறு.

வெங்காயம் கையிலேயே நின்றது.

பக்கத்தைப் பின்னால் புரட்டினான். முதல் வாரம், அவன் டீக்கடையில் சாப்பிட்ட வாரம். அப்போதும் வித்தியாசம் இருந்தது. ஆனால் அறுநூறு இல்லை. நானூறு. இரண்டாவது வாரம், அவன் இந்த வீட்டுத் தட்டில் உட்கார்ந்த மறுநாளிலிருந்து, பதினான்கு கட்டிலும் ஒரே நாளில் அறுநூறு ஆகியிருக்கிறது. யாரும் கூட்டம் போடவில்லை. யாரும் அவனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கட்டை மட்டும் தடித்திருக்கிறது.

அந்த இருநூறு கிராம் அவன்தான்.

தலையில் பதினாறு பதினெட்டு கிலோவோடு ஒரு மணி நேரம் முள்ளில் நடந்து வருகிற பெண்கள், எடை போட வந்தவனுக்கும் சேர்த்து எடை ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அதை அவன் மணி அடித்து மணி அடித்துத் திருப்பிக் கொடுத்திருக்கிறான். “பார்த்து வரப்படாதா?” என்று புத்தியும் சொல்லியிருக்கிறான். எங்கேயாவது போய் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. சுவர் பக்கத்தில்தான் இருந்தது. பூச்சு உதிரும், டெய்லரக்கா திட்டுவாள் என்று விட்டான்.

ஆனாலும் கணக்கு என்பது கணக்குத்தான். யாராவது ஒருத்தர் வாயால் ஆமாம் என்று சொல்ல வேண்டாமா? வியாழக்கிழமை காலையிலேயே கிளம்பினான்.

டீக்கடைக்காரர் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, வளைவுல ஏன் விறகு விழுது?”

“காத்து தம்பி.”

“காத்துல ஒரு கட்டை விழலாம். பதினாலு கட்டுலேருந்தும் ஒண்ணொண்ணு, அதே இடத்துல விழுமா?”

“எங்க ஊரு காத்து எண்ணத் தெரிஞ்ச காத்து,” என்று சொல்லிவிட்டு அவர் கிளாஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “டீ வேணுமா, காத்து போதுமா?”

புதுமருமகள் வாசல் பெருக்கிக்கொண்டிருந்தாள். “என் தலை கொஞ்சம் கோணல் சார், அதான் விழுது.” “மத்த பதிமூணு பேர் தலை?” “அதை நான் எப்படி சார் சொல்றது? எல்லாரும் என்னைவிடப் பெரியவங்க.”

கொத்தனாரம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். “கயிறு சரியில்ல,” என்றாள்.

“புதன்கிழமை ஒண்ணுமே விழலியேக்கா. அதே கயிறுதானே?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். “தம்பி, நீ நாளைக்கு ரெண்டாவதா எடை போடுற இடத்தை எங்க வெச்சிருக்கே?”

“வீட்டு வாசல்ல. ஏன்க்கா?”

“ஒண்ணுமில்ல. ஒருத்தன் கொக்கிய ஆட்டிக்கிட்டு முன்னாடி நின்னா எங்க கட்டு பயந்து இறுகிக்குது.”

“நாளைக்கு நான் எடையே போடலக்கா. சத்தியமா. ஊருக்குள்ளேயே இருக்க மாட்டேன்.”

“நீ இருந்தா என்ன, போனா என்ன?” அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. “கதவைத் தட்டித் தட்டி எல்லார் கையிலயும் கொடுத்துட்டே. அவ சன்னல்லேருந்து பார்த்துக்கிட்டுத்தானே இருந்தா? இனி ஒண்ணு விழுந்தாலும் அது விழுந்ததா இருக்காது. புரியுதா?”

“யாரு பார்த்துக்கிட்டு இருந்தா?”

“மாடு,” என்றாள் கொத்தனாரம்மா.

சரி, நாமே ஏதாவது செய்வோம் என்று முடிவு செய்தான் கிலோ. அவன் ஏதாவது செய்வோம் என்று முடிவு செய்யும்போதெல்லாம் ஊர் கொஞ்சம் எச்சரிக்கையாக இருப்பது நல்லது. விறகை விலைக்கு வாங்க முடியாது. விற்கவும் கூடாது, இன்னொரு வீட்டுக்குக் கொடுக்கவும் கூடாது, அவரவர் அடுப்புக்கு மட்டும் என்பது காட்டாபீஸ் விதி. மீறினால் இரண்டு வீட்டுக்கும், விறகு வெட்ட அனுமதிக்கும் காட்டுச் சீட்டு ரத்து. அந்த விதித் தாளை வீடு வீடாக ஒட்டியவனும் அவனே. ஆகவே தராசு வந்த மரப்பெட்டியைக் கொல்லைப்புறத்தில் வைத்து உடைத்துப் பிளந்து, அடுப்படியில் அழகாக அடுக்கினான்.

டெய்லரக்கா ஒரு துண்டை எடுத்து முகர்ந்தாள்.

“இது பெயிண்ட் அடிச்ச பலகை. எரிச்சா வர்ற நாத்தம் நாற்பது சட்டையிலயும் ஏறும். பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல ஒண்ணோடொண்ணு சண்டை போடும்.” பிறகு ஆணிகளைப் பார்த்தாள். “இது உங்க ஆபீஸ் பெட்டிதானே?”

“பெட்டி இனிமே தேவைப்படாதுக்கா.”

“யார் சொன்னா?”

“யாரும் சொல்லல.”

சாயங்காலம் அறைக்குப் போனபோது பலகைகளெல்லாம் அவன் கட்டிலுக்கு அடியில் வரிசையாக இருந்தன. மேலே அவன் செருப்பு, அவன் வாளி, அவன் சோப்பு. விறகு செருப்பு ஸ்டாண்ட் ஆகிவிட்டது. தராசைத் திருப்பி அனுப்பப் பெட்டியும் போயிற்று. இனி அவனே நேரில் தராசைத் தோளில் தொங்கப்போட்டுக்கொண்டு போய் நிற்க வேண்டியதுதான்.

அந்த இரவு பசியோடு யோசித்ததில் அவனுக்கு ஒன்று விளங்கியது. கஞ்சியைத் திருப்பி அனுப்பினாள். பலகையைத் திருப்பி அடுக்கினாள். கொடுத்தால் அவள் வாங்க மாட்டாள். ஆனால் கிடந்தால் எடுப்பாள். கிடக்க வேண்டுமென்றால் விழ வேண்டும். விழ வேண்டுமென்றால் யாராவது உண்மையாகவே ஒரு முட்டாளாக இருக்க வேண்டும். இந்த ஒரு தகுதி அவனிடம் ஏராளமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை விடிகாலையில் அவன் அறைக் கதவைத் திறந்தபோது தாழ்ப்பாளில் ஏதோ தொங்கியது. வட்டமாகச் சுற்றித் தைத்த சும்மாடு. பழைய துணியை உள்ளே அடைத்து, மேலே மஞ்சள் பூப்போட்ட துணி. அந்தப் பூவை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று திரும்பினான். அவன் அறை ஜன்னல் திரை ஒரு சாண் குட்டையாகியிருந்தது.

அவன் காட்டுக்குப் போவதாக யாரிடமும் சொல்லவில்லை. அரிவாளைக் கேட்டது டீக்கடைக்காரரிடம் மட்டும். அந்த ஊர்க் காற்று எண்ணுவதோடு சொல்லவும் செய்யும் போலிருக்கிறது.

வழியில் பெண்களைப் பிடித்தான். அப்போதுதான் கவனித்தான்: பதினான்கு தலையிலும் சும்மாடு. புதுமருமகளுடையது கோடு போட்டது, கொத்தனாரம்மாவுடையது சீருடைத் துணி. பதினான்கிலும் ஓரத்தில் ஒரே மாதிரி இரட்டைத் தையல். மூன்று வாரமாக அவற்றின் மேலிருந்துதான் கட்டுகளை இறக்கி எடை போட்டிருக்கிறான். தராசு முள்ளைத் தவிர எதையும் பார்க்கவில்லை.

“சார் கைல அரிவாளா?” என்றாள் புதுமருமகள். “எங்கள வெட்டவா?”

“விறகு வெட்ட.”

“தராசு?”

“வீட்ல தூங்குது.”

கொத்தனாரம்மா அவன் கையிலிருந்த மஞ்சள் பூவைப் பார்த்தாள். அவனுக்காக நடையைக் கொஞ்சம் மெதுவாக்கினாள்.

காட்டில் அவன் வெட்டியதை வெட்டு என்று சொல்வது அரிவாளுக்கு அவமானம். பச்சைக் கிளையில் கை வைத்தபோது நாலு பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள்: “அது அடுத்த வருஷத்துக்கு!” வேரோடு பிடுங்கப் போனபோது, “அது அதுக்கும் அடுத்த வருஷத்துக்கு!” கடைசியில் காய்ந்தது எது, காய்வதுபோல நடிப்பது எது என்று கொத்தனாரம்மா காட்டிக்கொடுத்ததை வெட்டிச் சேர்த்தான். முடிச்சு மட்டும் தானே போடுவேன் என்று பிடிவாதம் பிடித்தான். ஷூ லேஸ் கட்டுகிற முடிச்சு.

தலையில் ஏற்றிய பிறகுதான் பதினெட்டு என்பது ரிஜிஸ்டரில் எழுதும் பதினெட்டு அல்ல என்று தெரிந்தது. அவனுடையது பத்துகூட இருக்காது. கழுத்து தோளுக்குள் போனது. கண் முன்னே மின்மினி பறந்தது. முன்னால் போன பெண்கள் மாமியார்களைப் பற்றிப் பேசிக்கொண்டே கைவீசி நடந்தார்கள்.

வளைவு வந்தது. இங்கே ஒரே ஒரு கட்டையை, தற்செயலாக, நாசூக்காக விழவைப்பது என்பது கிலோவின் திட்டம். இடது தோளை லேசாகச் சாய்த்தான்.

ஷூ லேஸ் அவிழ்ந்தது. முதலில் ஒன்று விழுந்தது. அது அவன் கால் விரலில் விழுந்தது. அவன் “ஐயோ” என்று காலைத் தூக்கியதும் மீதியெல்லாம் விழுந்தன. கடைசியில் அவனும் விழுந்தான். சும்மாடு மட்டும் தலையிலேயே, கிரீடம் மாதிரி, அசையாமல் இருந்தது.

புதுமருமகள் ‘க்ளுக்’ என்றாள். அவ்வளவுதான். பதினான்கு பேரும் சிரிக்க ஆரம்பித்தார்கள். ஒருத்தி சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஒருத்தி உட்கார்ந்துவிட்டாள். தலைச்சுமைகளெல்லாம் தேர் மாதிரி ஆடின.

“ராஜா விழுந்துட்டார்டி!” என்றாள் ஒருத்தி.

“எடை போடுங்கடி அவரை! இங்க எவ்வளவு, வீட்டுக்குப் போனா எவ்வளவுன்னு பார்ப்போம்!”

“சிரிக்க வெக்காதீங்கடி, கயிறு தளருது,” என்றாள் கொத்தனாரம்மா. சொல்லிக்கொண்டே ஒரு தடவை உடம்பைக் குலுக்கினாள். அவள் கட்டிலிருந்து ஒரு கட்டை நழுவி, சாய்த்து வெட்டிய முனை மேலே தெரிய, சுவர் நிழலில் விழுந்தது. அவள் குனியவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சிரித்துக்கொண்டே நடந்தாள்.

அடுத்தவள் கட்டிலிருந்தும் ஒன்று. அதற்கடுத்தவள். புதுமருமகளுடையதிலிருந்து மட்டும் இரண்டு விழுந்தன. “என் தலைதான் கோணலாச்சே!” என்று யாரிடமோ சொல்லிக்கொண்டு போனாள்.

கிலோ புழுதியில் உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல்தடவையாக, கீழே கிடந்த எதையும் எடுக்காமல் இருந்தான்.

வீட்டுக்கு நொண்டிப்போய் ரிஜிஸ்டரைத் திறந்தான். ‘வித்தியாசத்துக்குக் காரணம்’ என்ற கட்டம் மூன்று விரற்கடை அகலம் இருந்தது. உண்மையை எழுதினால் இரண்டு வரியில் முடிந்துவிடும். கூடவே பதினைந்து காட்டுச் சீட்டும் முடிந்துவிடும். புதன்கிழமைக்கு எழுதிய ‘இல்லை’யை ஒருதரம் பார்த்தான். மூன்று வாரப் பக்கங்களிலும், கட்டம் கட்டமாக, ஒரே சொல்லை எழுதினான்: ‘காற்று.’ கீழே கையெழுத்தும் போட்டான். தராசு பழுதில்லை, நான்தான் பழுது என்று அதிகாரி முடிவுக்கு வருவார். வரட்டும். அதில் பாதி சரிதானே?

வெயில் தாழ்ந்ததும் கால் தன்னால் வளைவுக்குப் போனது. இடிந்த சுவரின் மேல் உட்கார்ந்து கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தான். கைத்தடிச் சத்தம் கேட்டது. சாக்குப்பையோடு டெய்லரக்கா வந்தாள்.

“என்ன, இங்கயே குடித்தனமா?”

“கழுத்து திரும்பலக்கா. திரும்பினதும் வீட்டுக்குத் திரும்பிடுவேன்.”

அவள் சிரிக்கவில்லை. கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஒரு கையை இடுப்பில் ஊன்றி, ஒவ்வொன்றாகக் குனிந்து எடுத்தாள். அவன் கை நீளப்போனதும் ஒரு பார்வை பார்த்தாள். கையை மடியில் வைத்துக்கொண்டான். அவனுடைய கட்டைகளைத் தொட்டபோது மட்டும், “இது என்ன, எலி கடிச்சதா?” என்றாள்.

“நான் வெட்டினது.”

“ம்.” அதையும் பையில் போட்டாள். “தணலுக்கு ஆகும். இன்னிக்கு ராத்திரி பாதி சட்டை, நாளைக்குப் பாதி. நீ பொத்தானைச் சரிபார்த்துக் கொடு. சும்மா உக்காந்து திங்காதே.”

பை நிறைந்தது. வாயைக் கட்டினாள். இரட்டை முடிச்சு.

“அக்கா, ஒண்ணு கேக்கலாமா?” என்றான் கிலோ. “காத்து, கயிறு, கோணல் தலை, மாடு, எல்லாம் கேட்டாச்சு. ரிஜிஸ்டர்லயும் எழுதி மூடியாச்சு. இது எனக்காக. நேரா ஒரு பதில்.”

“கேளு.”

“இதை யாரு ஆரம்பிச்சது?”

டெய்லரக்கா சுவரில், அவனுக்குப் பக்கத்தில், மெதுவாக உட்கார்ந்தாள். ஊர்ப் பக்கம் கொத்தனாரம்மா வீட்டுக் கூரையிலிருந்து புகை கிளம்பிக்கொண்டிருந்தது.

“நான்தான்,” என்றாள், அந்தப் புகையைப் பார்த்துக்கொண்டே. “அவ கை ஒடிஞ்சு கிடந்தா. அப்ப எனக்கு இடுப்பு நல்லாயிருந்துச்சு. கொண்டுபோய்க் கொடுத்தேன், மூஞ்சிக்கு நேரா கதவைச் சாத்துனா. அதான் மறுநாள் இங்க ஒண்ணு போட்டேன். என்னைப் பார்த்து மத்தவளுகளும் போட்டாளுக. அஞ்சு மாசம் பொறுக்குனா. கை சேர்ந்து காட்டுக்கு வந்த அன்னைக்கும் ஒரு வார்த்தை நன்றின்னு சொல்லல, கழுதை. இப்ப நானும் சொல்லல.”

பையை எடுத்து அவன் மடியில் வைத்தாள்.

“கனமா இருக்கு. தூக்கு.”